குறைகுடம்தான் கூத்தாடும்

கேள்வி: அக்கா, மதுரையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீடு செல்லூர். கடைசி செமஸ்டருக்கு ஒரு அனிமேஷன் குறும்படம் செய்கிறேன். நானும் அம்மாவும் தினமும் தண்ணீர் பிடிக்கிற குழாயடியில், வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்களுக்கு ராத்திரியில் உயிர் வருகிறது. பேசுகின்றன, சண்டை போடுகின்றன, ஒரு பாட்டுப் பாடுகின்றன, கடைசியில் நம்மைப் பார்த்து 'தண்ணீரைச் சேமிப்போம்' என்கின்றன. மூன்று நிமிடம். பச்சைக் குடம்தான் ஹீரோயின். கண், புருவம், வாய், கை, கால் எல்லாம் வைத்து டிசைன் முடித்துவிட்டேன். எங்கள் சார் பார்த்துவிட்டு, "சோப்புத்தூள் விளம்பரம் மாதிரி இருக்கும்மா, உயிர் இல்லை" என்றார். கூடப் படிக்கிற பையன், "லேம்ப் குதிக்கிற படத்தோட காப்பி" என்கிறான். தறி ஓட்டுகிற அப்பா, "குடத்தை ஆட வைக்கவா மூணு வருசம் பீஸ் கட்டுனேன்" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருக்கிறது. படம் கொடுக்க ஏழு வாரம்தான் இருக்கிறது. டிசைன் தப்பா, கதை தப்பா, இல்லை எனக்கே இது சரிப்படாதா?

— ஒரு மாணவி, செல்லூர்

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் 'நீங்க, வாங்க' எல்லாம் வேண்டாம். கடிதத்தோடு வந்த டிசைன்களைப் பார்த்தேன். கோடு சுத்தமாக விழுகிறது. குடத்தின் வயிற்றை ஒரே இழுப்பில் வரைந்திருக்கிறாய், அது எல்லாருக்கும் கைகூடாது. இப்போது முதல் வேலையாக அந்தக் கண்ணை அழி. புருவம், வாய், கை, கால், அத்தனையையும். புருவத்துக்கு மட்டும் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான்.

1999-ல் நான் சென்னையில் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தேன். என் முதல் படத்துக்கு எங்கள் வீட்டு பம்ப் ஸ்டவ்தான் கதாநாயகன். இரண்டு உருண்டைக் கண், கீழே ஒரு முறுக்கு மீசை. இரண்டு நிமிடம், விநாடிக்கு 12 படம், ஆக 1,440 தாள். லைட் பாக்ஸ் வாங்கக் காசில்லை. மேஜை டிராயரை உருவிவிட்டு, அந்த ஓட்டைக்கு மேல் ஒரு கண்ணாடி, அடியில் ஒரு டியூப்லைட், அவ்வளவுதான். கல்லூரியில் போட்டுக் காட்டியபோது ஸ்டவ் கண்ணடித்த இடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். அது அழுகிற இடத்திலும் சிரித்தார்கள். எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது. லீவில் வீடியோ கேசட்டை எடுத்துக்கொண்டு மதுரை சிம்மக்கல் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போட்டேன். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் முழுசாகப் பார்த்துவிட்டுக் கேட்டது இதுதான்: "ஸ்டவ்வுக்குக் கண்ணு எதுக்குடி? அது மூச்சு விடுறது பத்தாதா?"

நீ பம்ப் ஸ்டவ்வைப் பார்த்திருக்கமாட்டாய். முதலில் கிண்ணியில் மண்ணெண்ணெய்த் துணியை எரித்துத் தலையைச் சூடாக்க வேண்டும். அப்புறம் திருகை இறுக்கிவிட்டு மெதுவாகப் பம்ப் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் மஞ்சளாகத் தீ எழும்பி, கரும்புகை கக்கி, சுவரெல்லாம் கரி. பொறுமையாக இருந்தால் இரண்டு தடவை தும்முகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு 'ஸ்ஸ்' என்று ஒரே மூச்சாக நீலத் தீ. துளையில் அழுக்கு சேர்ந்தால் தீ ஒரு பக்கமாகச் சாயும், மூச்சு திணறும். அம்மா உலையில் அரிசி போட்டுவிட்டு வாசலில் பூக்காரியிடம் பேசிக்கொண்டிருப்பார். அங்கிருந்தே அந்தத் திணறலைக் கேட்டு, "ஏய், பின்னை எடுத்துக் குத்து" என்று எனக்குக் குரல் கொடுப்பார். தகரப் பிடி போட்ட மெல்லிய கம்பி அந்தப் பின். வீட்டில் அது எப்போதும் காணாமல்தான் போயிருக்கும். இத்தனையும் தினமும் கண்ணெதிரே நடந்திருக்கிறது. என் 1,440 தாளில் ஒன்றில்கூட அந்த மூச்சு இல்லை. மீசை வரைவதில் மும்முரமாக இருந்திருக்கிறேன்.

உங்கள் சார் சொன்னது சரி. ஆனால் உயிர் இல்லை என்று சொன்னவர், அது எங்கே போயிற்று என்று சொல்லவில்லை போலிருக்கிறது. நான் சொல்கிறேன். குடத்துக்கு நம் பாஷை ஏற்கெனவே ஓர் உடம்பு கொடுத்திருக்கிறது. வாய் என்கிறோம், கழுத்து என்கிறோம், வயிறு என்கிறோம். ஏற்கெனவே வாய் இருக்கிற உருப்படிக்கு வயிற்றின் மேல் இன்னொரு வாயை ஒட்டினால், பார்க்கிறவன் மனசு ஒட்டின வாயைத்தான் பார்க்கும். குடத்தைப் பார்க்காது. சோப்புத்தூள் நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது.

தொல்காப்பிய மரபியலில் உயிர்களை அறிவை வைத்து வரிசைப்படுத்தியிருப்பதைப் பள்ளியில் படித்திருப்பாய். உடம்பால் உணர்வது ஓரறிவு, அதோடு நாக்கு சேர்ந்தால் இரண்டு, மூக்கு மூன்று, கண் நான்கு, காது ஐந்து, மனம் ஆறு. இதை நான் வகுப்பில் கேரக்டர் டிசைனுக்குப் பயன்படுத்துவேன். புலவர்கள் மன்னிக்கட்டும். உன் பொருளுக்கு எத்தனை அறிவு என்று முதலில் முடிவு பண்ணு. நீ எடுத்த எடுப்பிலேயே குடத்துக்கு ஆறையும் அள்ளிக் கொடுத்துவிட்டாய். ஆறறிவு இருந்தால் அது மனுஷிதானே, குடத்தை எதற்கு வரைய வேண்டும்? ஒன்றிலிருந்து தொடங்கு. குடத்துக்கு வெறும் தொடுவுணர்ச்சி மட்டும் இருக்கிறது என்று வை. தரை குளிர்ந்திருக்கிறது, பக்கத்துக் குடம் இடிக்கிறது, தண்ணீர் உள்ளே விழுகிறது. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். கதைக்கு இன்னும் வேண்டும் என்று பட்டால் ஐந்தாவதான காதைக் கொடு. குழாயில் காற்று வரும் சத்தத்துக்கு அது சிலிர்க்கட்டும். கண்ணைக் கொடுக்கிற அவசியம் வருகிறதா பார். எனக்கென்னவோ வராது என்றுதான் தோன்றுகிறது.

முகம் இல்லாமல் எப்படி நடிக்க வைப்பது என்று கேட்பாய். எடையை வைத்து. இதில்தான் உன் பொருள் அதிர்ஷ்டசாலி.

டிஸ்னியின் பழைய அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு மாவு மூட்டை வருகிறது. பாதி நிரம்பிய மூட்டை. முகம் கிடையாது, நாலு மூலைதான். அதை வைத்தே சோர்வு, கர்வம், கோபம், துள்ளல் எல்லாம் காட்டுகிற பயிற்சி. உலகம் முழுக்க அனிமேஷன் மாணவர்கள் இன்றைக்கும் அதைத்தான் வரைகிறார்கள். ஏன் பாதி? முழுசாக நிரப்பிக் கட்டிய மூட்டை வளையாது, காலி மூட்டை வெறும் துணி. பாதியில்தான் உள்ளே இருப்பது அங்கிட்டும் இங்கிட்டும் போகும், மூட்டைக்கு ஒரு இடுப்பு கிடைக்கும். நான் சென்னையில் அந்த மூட்டையை மாதக்கணக்கில் வரைந்தேன். நம் ஊரில் இதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள் என்பது பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும். பெரியவர்கள் அடக்கம் சொல்லித்தரச் சொன்ன பழமொழி. அனிமேட்டருக்கு அது வேலைக் குறிப்பு.

உன் வீட்டுக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்று வை. காலியாக ஒரு கிலோகூட இருக்காது. நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. ஒரே பாத்திரம் குழாயடியில் சில நிமிடத்துக்குள் பதினைந்து மடங்குக்கு மேல் கனக்கிறது! எந்த நடிகரால் முடியும்? இதை வெளியே தேட வேண்டாம், உன் உடம்புக்கே தெரியும். காலிக் குடத்தை இரண்டு விரலில் கழுத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டே போவாய். நிறைகுடத்தை இடது இடுப்பில் வைத்தால் மேலுடம்பு வலது பக்கம் சாய்கிறது, வலது கை தானாக விலகி நீள்கிறது, நடை குறுகுகிறது. நாளைக் காலையில் தண்ணீர் எடுக்கும்போது தங்கையையோ தம்பியையோ போனில் எடுக்கச் சொல். ஸ்லோமோஷனில் மூன்று: காலி, பாதி, முழுசு. அதுதான் உன் ரெஃபரன்ஸ்.

ஒரு விஷயத்தில் மாணவர்கள் எல்லாரும் வழுக்குவார்கள், நீயும் வழுக்குவாய். கனமான பொருளை வேகமாக விழ வைப்பார்கள், லேசானதை மெதுவாக. நிஜத்தில் இடுப்பு உயரம், அதாவது ஏறத்தாழ 1 மீட்டர், விழுவதற்குக் காலிக் குடத்துக்கும் நிறைகுடத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான்: 0.45 விநாடி. விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 11 ஃப்ரேம். இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்று வரைந்தால் ஐந்து இடைவெளி போதும். அந்த 1 மீட்டரை 25 பங்காக்கி முதல் இடைவெளிக்கு 1 பங்கு, அடுத்தது 3, பிறகு 5, 7, 9 என்று கொடு. செ.மீ. கணக்கில் 4, 12, 20, 28, 36. இப்படி வைத்தால் விழுவது விழுகிற மாதிரி இருக்கும். கனம் தெரிவது தரையைத் தொட்ட பிறகுதான். காலிக் குடம் டங்கென்று எம்பும், மறுபடி எம்பும், உருளும், கழுத்து ஒரு பக்கம் இழுப்பதால் நேராக ஓடாமல் அரைவட்டம் அடித்து நிற்கும். நிறைகுடம் எம்பாது. 'தொப்' என்று உட்கார்ந்துவிடும், அடி கொஞ்சம் பிதுங்கும், அதற்கப்புறம்தான் வாய் வழியாகத் தண்ணீர் எகிறும். அந்த 'அப்புறம்' இரண்டு மூன்று ஃப்ரேம்தான். படத்தின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது.

குறைகுடம் இன்னும் வேடிக்கை. நகர்ந்து வந்த குடம் சட்டென்று நிற்கிறது. உள்ளே தண்ணீர் நிற்கவில்லை, முன்சுவரில் போய் மோதுகிறது, குடம் தாமதமாக முன்னால் குனிகிறது. தண்ணீர் திரும்பி வந்து பின்னால் மோதுகிறது, குடம் நிமிர்ந்து கொஞ்சம் பின்னுக்குச் சாய்கிறது. இப்படி மூன்று தடவை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சின்னதாக. யாரோ கூப்பிட்டு, போகலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி இருக்கும் அது. புருவம் எதற்கு?

பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா, பித்தளையா என்பதையும் மறந்துவிடாதே. ஒன்று நசுங்கி 'டப்'பென்று திரும்ப உப்பும். மற்ற இரண்டும் நசுங்கினால் நசுங்கினதுதான். நசுக்கி இழுத்துக் காட்டுகிற உத்தியை, ஸ்குவாஷ் அண்ட் ஸ்ட்ரெட்ச் என்று பாடத்தில் படித்ததைப் பித்தளைக் குடத்துக்கும் போட்டால் அது பலூனாகிவிடும்.

இனி அந்தப் பையன் சொன்ன காப்பி விவகாரம். அவன் சொல்வது 'லக்ஸோ ஜூனியர்'. 1986-ல் பிக்ஸார் அனிமேஷன் நிறுவனத்தில் ஜான் லாசெட்டர் இயக்கியது, இரண்டு நிமிடப் படம். கேமரா இருந்த இடத்தைவிட்டு அசையாது, ஒரு பெரிய மேஜை விளக்கு, ஒரு குட்டி விளக்கு, ஒரு பந்து. அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. லாசெட்டர் அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1979-ல், கலிபோர்னியாவில் கால்ஆர்ட்ஸ் என்ற கலைக் கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே கையால் வரைந்து எடுத்த குறும்படத்துக்கும் உயிருள்ள விளக்குதான் நாயகன். மாணவர்களுக்கான அகாடமி விருது அதற்குக் கிடைத்தது. பென்சிலை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் மனுஷன் மறுபடி விளக்கிடமே போயிருக்கிறார். அவரே தன்னைக் காப்பி அடித்தார் என்று உன் நண்பன் சொல்வானா?

அந்த 1986 படத்தை டல்லாஸில் நடந்த கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் மாநாட்டில் போட்டார்கள். முடிந்ததும் அந்தத் துறையில் பெரிய ஆளான ஜிம் பிளின் லாசெட்டரைத் தேடி வந்தார். நிழல் விழுகிற கணக்கைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறார், நமக்குப் பதில் தெரியாதே என்று இவர் உதறிக்கொண்டிருக்க, அவர் கேட்டாராம்: அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா? இரும்புக் கம்பியும் ஸ்பிரிங்கும் பார்த்துக் கேட்ட கேள்வி. நம் பாட்டிகள் இதை அம்மிக்கு எந்தக் காலத்திலோ தீர்த்துவிட்டார்கள். அம்மா படுத்திருக்க, மகள் ஓடித் திரிவாள், அது என்ன? அம்மியும் குழவியும். வீடெல்லாம் சுற்றிவிட்டு மூலையில் போய் நிற்பவன் துடைப்பம். ஆயுத பூஜைக்குத் தையல் மிஷினுக்கும் அரிவாள்மனைக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற ஊரில், உங்கள் அப்பாவே தறிக்குப் பொட்டு வைத்திருப்பார், பொருளுக்கு உயிர் கொடுப்பது ஒருத்தர் சொத்தா என்ன?

ஆனால் அந்தப் பையனை ஒரேயடியாகத் தள்ளிவிடாதே. விளக்குக்குத் தலை இருக்கிறது, வளைகிற முதுகு இருக்கிறது, அடிப்பாகம் இருக்கிறது. பிறவியிலேயே பாதி மனுஷன். அதனால் அது திரும்பிப் பார்க்கும், தலை குனியும், குதிக்கும். உன் குடத்துக்கு மூட்டு ஒன்றும் கிடையாது. நீ அதைக் கழுத்தை வளைத்துப் பார்க்க வைத்தாலோ, வருத்தத்தில் தலை குனிய வைத்தாலோ, அந்த நிமிஷம் அது விளக்காகிவிடும். டிசைனோடு நீ அனுப்பிய அனிமேட்டிக்கில், அந்த முன்னோட்டப் படத்தில், 40-வது விநாடியில் அது அப்படித்தான் குனிகிறது. அந்த ஒரு ஷாட்டில் பையன் சொன்னது உண்மை. எடுத்துவிடு.

லாசெட்டரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பெரிய விளக்கை அப்படியே சின்னதாக்கிக் குட்டி விளக்கு பண்ணவில்லை அவர். குழந்தைக்கு உடம்பைவிடத் தலை பெரிதாக இருக்குமே, அந்த அளவுக்கு மாற்றினார். கம்பிகளின் நீளத்தைக் குறைத்தார், தடிமனைக் குறைக்கவில்லை. பல்பை மட்டும் அதே அளவில் விட்டுவிட்டார். ஏனென்றால் பல்பு கடையில் வாங்குவது, அது வளராது! இந்த ஒரு யோசனைக்காகவே அவரைக் கும்பிடலாம். பொருளின் வாழ்க்கையைப் பொருளின் சட்டத்துக்குள்ளேயே யோசிக்கிறார்.

உன் குடத்துக்கு அந்தச் சட்டம் என்ன? குடம் வளராது, தேயும். புதுக் குடம் பளபளவென்று பச்சை. வருஷம் போனால் சிமென்ட் தரையில் இழுத்து இழுத்து அடி வெளுக்கும், வெயில் பட்ட பக்கம் நிறம் மங்கும், கழுத்தில் கை பிடித்த இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும். ஓட்டை விழுந்தால் தெருவில் 'குடம் ஒட்றது' என்று வருகிறவர் சூட்டுக்கோலால் வேறு கலர்ப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவார். பச்சைக் குடத்தில் சிவப்புத் தழும்பு. அப்புறம் பெயர். பெயின்ட்டிலோ நெயில் பாலிஷிலோ வீட்டுக்காரர் இனிஷியல் இல்லாத குடம் செல்லூரில் இருக்கிறதா? இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கீழடியில் தோண்டியெடுத்த பானை ஓட்டில் 'ஆதன்' என்று பழைய தமிழி எழுத்தில் கீறியிருக்கிறான் ஒருத்தன். அவன் தெருவிலும் பானை மாறிப்போயிருக்கும் போல. அந்தத் தழும்பும் தேய்மானமும் வரைந்தால் ஒரு வசனம்கூட இல்லாமல் எது கிழவி, எது நேற்று வந்த மருமகள் என்று தெரிந்துவிடும்.

கதைக்கு வருவோம். பேசுகின்றன, பாடுகின்றன, சண்டை போடுகின்றன, புத்தி சொல்கின்றன. இவ்வளவு செய்கிற குடம் என்ன விரும்புகிறது என்று எனக்குத் தெரியவில்லை. குழாயடியில் நின்றிருக்கிறாய், யோசித்துப் பார். குடம் அங்கே ஆளுக்குப் பதில் நிற்கிறது. நீ போய்ப் பல் துலக்கிவிட்டு வருவாய், உன் குடம் உன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வரிசையில் நடக்கிற ஆகப் பெரிய குற்றம் எது? யாரும் பார்க்காதபோது குடத்தை முன்னால் நகர்த்துவது. அதற்கு எத்தனை வீட்டில் பேச்சுவார்த்தை நின்றிருக்கும்!

அந்தக் குற்றத்தைக் குடமே செய்தால்? விடிகாலை நாலு மணி, தெருவிளக்கு, வரிசையில் எட்டுக் குடம், கடைசியில் பச்சை. ஆள் இல்லை. பச்சை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, அடி விளிம்பில் அரைச் சுற்றுச் சுற்றி, ஒரு இடம் முன்னால் போய் நிற்கிறது. கதவு திறக்கிற சத்தம், அசையாமல் நிற்கிறது. பிறகு இன்னொரு இடம். காலியாக இருப்பதால்தான் அதால் நகர முடிகிறது. முதல் இடத்துக்கு வந்தால் தண்ணீர் விழும், விழுந்தால் கனக்கும், கனத்தால் அப்புறம் அசைய முடியாது. இங்கே உனக்கு ஒரு கதை கிடைக்கிறது என்று நினைக்கிறேன். முடிவு என்னவென்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று தோன்றுகிறது, ஆனால் தெரு உன்னுடையது. 'தண்ணீரைச் சேமிப்போம்' மட்டும் வேண்டாம். நாலு மணிக்கு எழுந்து வரிசையில் நிற்கிற பெண்ணிடம் அதைச் சொல்ல எந்தக் குடத்துக்கும் அருகதை இல்லை.

கணக்கைப் பார். மூன்று நிமிடம் என்றால் விநாடிக்கு 12 வீதம் 2,160 படம். அதில் பல குடம் ஒரே நேரத்தில் ஆடுகிறது. ஏழு வாரத்தில் இரண்டு வாரம் ஸ்டோரிபோர்டுக்கும் டெஸ்டுக்கும் போகும், கடைசி ஒரு வாரம் சத்தம், எடிட், கடைசி நேரத்தில் லேப்டாப் மக்கர் பண்ணுவது, இவற்றுக்குப் போகும். மிச்சம் 28 நாள். 75 விநாடியாகக் குறைத்தால் 900 படம், நாளைக்கு 32. நகர்வது ஒரே குடம், மற்ற ஏழும் பின்னணியில் ஒரு முறை வரைந்து வைத்ததுதான். அதிலும் பச்சைக் குடம் 'அசையாமல் நிற்கிற' இடங்கள் உனக்கு இனாம். அந்த இடங்களில்தான் ஜனங்கள் அதிகம் சிரிப்பார்கள், பாரேன்.

சாஃப்ட்வேர் பற்றிக் கவலைப்படாதே. பிளெண்டரும் கிரிட்டாவும் ஓப்பன்டூன்ஸும் இலவசம், உன் லேப்டாப்பில் எது திக்காமல் ஓடுகிறதோ அதை எடு. இல்லையென்றால் விளாச்சேரிக்குப் போய் பொம்மை செய்கிறவர்களிடம் களிமண் வாங்கி, கையால் எட்டுக் குடம் பிடித்து, போனை ஸ்டாண்டில் பூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுக்கிற ஸ்டாப்மோஷனாகவே எடுத்துவிடலாம். தண்ணீர் காட்டுவதுதான் அதில் தலைவலி.

சத்தத்துக்கு ஒரு நாள் தனியாக ஒதுக்கு. பாட்டை எடுத்துவிட்டால் இசைக்கு என்ன செய்வது என்று தேட வேண்டியதில்லை. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று வரும்: முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு கொர் கொர், பிறகு துப்பல், செந்தண்ணி, அப்புறம் நல்ல தண்ணி. குடத்துக்குள் விழ ஆரம்பித்ததும் அடியில் கனத்த சத்தம், நிரம்ப நிரம்ப உள்ளே காற்று இருக்கிற இடம் குறைந்து சுருதி ஏறிக்கொண்டே போகும். அடுப்படியில் இருந்தபடியே, "நிரம்பப் போகுது, ஓடு" என்று அம்மாக்கள் சொல்வது அதை வைத்துத்தானே. உன் கடைசி 15 விநாடிக்கு அந்த ஏறுகிற சுருதி போதும், மேலே ஒன்றும் போடாதே. மானாமதுரை கிட்டத்தில்தான் இருக்கிறது. முடிந்தால் ஒரு பகல் போய், கடம் செய்கிறவர்கள் விரலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பதைப் பார்த்துவிட்டு வா. போன் ரெக்கார்டரை ஓடவிட்டுக்கொள்.

படம் முடிந்தால் எங்கே அனுப்புவது என்று இப்போதே யோசிக்க வேண்டாம். 1998-லிருந்து மதுரையிலேயே ஆவணப்பட, குறும்பட விழா நடக்கிறது. அங்கே இருட்டில் உட்கார்ந்து, தெரியாதவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று நீ ஒருமுறை கேட்க வேண்டும்.

உனக்கு இது சரிப்படுமா என்று கேட்டாய். அதற்கு நான் பதில் சொல்வதைவிட உன் அப்பாவிடம் கேட்கலாம். தறி ஓட்டுகிறவர், குறுக்கே நூல் கொண்டு ஓடுகிற நாடா ஒரு இழை தப்பினால் சத்தத்திலேயே பிடித்துவிடுவார். அவரைவிட நல்ல டைமிங் வாத்தியார் உனக்குக் காலேஜில் கிடைக்கமாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறு விநாடி வரைந்துவிடு. ஒரே குடம், ஒரே பென்சில் கோடு, இரண்டு தடவை: ஒன்றில் காலி, ஒன்றில் பாதித் தண்ணீர். தண்ணீரை வரையாதே, சத்தமும் சேர்க்காதே. குடம் நகர்ந்து வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். சாயந்திரம் அவர் டீ குடிக்கும்போது போனை நீட்டி, "எதுலப்பா தண்ணி இருக்கு?" என்று கேள். வேறு ஒன்றும் சொல்லாதே. சரியாகச் சொன்னார் என்றால் அடுத்த நாளே படத்தை ஆரம்பி. தப்பாகச் சொன்னாலோ, இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்றாலோ, அந்த ஆறு விநாடியைத் திரும்ப வரை.

எது ஆனாலும் அதை எனக்கு அனுப்பு. கலர் போட்டு அனுப்பாதே.

அன்புடன்,
அக்கா